அசனாவின் தழும்பு

கிண்ணியா
2024 மார்ச் 4

நிழல் இல்லப் பொறுப்பாளர் திருமதி யோகமலர் அவர்களுக்கு,

பாலத்தைக் கடந்து பஸ் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் உங்கள் வாசலில் வந்து நிற்கலாம். உங்கள் தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருக்கிறது. இருந்தும் பதிவுத் தபாலில் எழுதுகிறேன். வாயால் கதைத்தால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று நின்றுவிடுவீர்கள். நீங்களும் எழுத்தில் பதில் தாருங்கள்.

முப்பத்தொரு வருடம் உங்கள் இல்லத்தில் இருந்த என் உடன்பிறந்த ராத்தா அசனாவை பெப்ரவரி 10ஆம் திகதி ஒரு மாத லீவில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம். மகளும் கல்யாணம் முடித்துப் போய்விட்டாள். இந்த வீட்டில் மிச்சம் நானும் தையல் மெஷினும்தான். ராத்தா இனி என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வந்த இரண்டாம் நாளே எனக்கு மனது சரியில்லை. காலையில் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் இல்லை. ஆனாலும் வரிசையில் நிற்கிறாள். தலையணைக்குக் கீழே பாண் துண்டு ஒளித்துவைக்கிறாள். கிணற்றடியில் வெட்கம் இல்லாமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, யாரோ வந்து தண்ணீர் ஊற்றும்வரை அசையாமல் நிற்கிறாள். உங்கள் இல்லத்தில் மனிதர்களை வளர்த்தீர்களா, ஆட்டு மந்தை வளர்த்தீர்களா?

அந்தக் கிணற்றடியில்தான் அவள் அடிவயிற்றுத் தழும்பைக் கண்டேன். நான் தையல்காரி. அவசரத்தில் போட்ட தையல் எது, ஆறுதலாகப் போட்ட தையல் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன கிழமை வயிற்றுவலி என்று அழுதாள். ஸ்கான் எடுத்தோம். டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "இவவுக்குக் கர்ப்பப்பை எடுத்துக் கனகாலம் போல. வீட்டாக்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். வலி வேறொன்றுமில்லை, மலச்சிக்கல்தான் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

என் கேள்விகள் மூன்று. யார் வெட்டினார்கள்? எப்போது? யார் கையெழுத்து வைத்தார்கள்? ஒரு கிழமைக்குள் பதில் வேண்டும்.

மு. ஹுஸ்னியா


நிழல் இல்லம் (மனவளர்ச்சி குறைந்த பெண்களுக்கான காப்பகம்), திருகோணமலை
07.03.2024

அன்புடையீர்,

தங்களது 04.03.2024ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. அசனா அவர்களுக்கு எமது இல்லத்தில் தங்கியிருந்த காலத்தில் தேவையான சகல மருத்துவ வசதிகளும் அவ்வப்போது வழங்கப்பட்டன. தாங்கள் குறிப்பிடும் சிகிச்சை தொடர்பான பழைய பதிவேடுகள் 2004 சுனாமி அனர்த்தத்தில் நீரில் நனைந்து பாவனைக்கு உதவாமல் போய்விட்டன என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.

அசனாவின் லீவு 10ஆம் திகதியுடன் முடிவடைகிறது. அன்று மாலை நான்கு மணிக்கு முன்னர் அவரைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்கவும்.

உத்தியோக முறையில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். மேலும் ஒன்று சொல்கிறேன், மனதில் வைக்க வேண்டாம். பெருநாளைக்குப் பெருநாள் வந்து பிஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் எழும்புகிற சொந்தங்கள், தகப்பன் கண்ணை மூடியதும் "கூட்டிப்போகிறோம்" என்று வந்து நிற்பதை நான் இன்று நேற்றுப் பார்க்கவில்லை. காணி எழுதுவதற்கு ஒரு பெருவிரல் தேவைப்படும். விரல் வைத்த மறு கிழமை ஆளைக் கொண்டுவந்து கேற்றடியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தாங்கள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. அப்படி இல்லை என்று எனக்குத் தெரியவும் தெரியாது.

அசனாவின் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் அன்னலட்சுமி தினமும் கேற்றடியில் போய் இருக்கிறா. அசனா எப்ப வருவா என்று என்னைக் கேட்கிறா.

இப்படிக்கு,
வ. யோகமலர்
பொறுப்பாளர்


கிண்ணியா
2024 மார்ச் 13

திருமதி யோகமலர்,

நோன்பு பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அதனால் வாயில் வருகிற எல்லாவற்றையும் எழுதவில்லை.

முதலில் காணிக் கதை. எங்களுக்கு இருப்பது ஒன்பது பேர்ச் காணியில் ஒரு வீடு. வாப்பா உயிரோடு இருக்கும்போதே அதில் பாதியை அசனாவின் பெயருக்கு எழுதிவிட்டார். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்து வெட்கப்படுங்கள்.

இனி உங்கள் சுனாமி. பொய் சொல்வதென்றால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கடல் வந்த நாலாம் நாள் வாப்பாவும் நானும் அசனா உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க உங்கள் இல்லத்துக்கு வந்தோம். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு சேறு. உங்கள் இல்லம் மேட்டில் இருக்கிறது, வாசல் படிகூட நனையவில்லை. நீங்கள் மேசையில் பெரிய பதிவேட்டை விரித்து, விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு, "அசனா இருக்கிறா, பயப்படாதீங்க" என்று சொன்னீர்கள். வாப்பா அந்தப் பதிவேட்டின் மேல் கையை வைத்து அழுதார். அது மொறுமொறுவென்று காய்ந்த கடுதாசி.

எனவே பதிவேடு இருக்கிறது. அதில் எதையோ மறைக்கிறீர்கள்.

அசனாவிடமே கேட்டேன். எழுபது எண்பது சொல்லுக்கு மேல் அவளுக்கு வராது என்பது உங்களுக்கும் தெரியும். தழும்பில் கையை வைத்து "இது என்ன ராத்தா?" என்றேன். "மலரக்கா கையப் பிடிச்சா. அழாத எண்டா. இளநி தந்தா" என்றாள். மலரக்கா யாரென்று உங்களிடம் கேட்கவேண்டிய தேவை எனக்கில்லை.

லீவு முடிந்துவிட்டது, தெரியும். அவளை அனுப்பமாட்டேன். முறைப்பாடு எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஹுஸ்னியா


திருகோணமலை
20.03.2024

ஹுஸ்னியா தங்கச்சி,

இந்தக் கடிதத்தை இல்லத்தின் தாளில் எழுதவில்லை. இது கொப்பித் தாள். கோப்பில் பிரதியும் இல்லை.

சுனாமி பொய்தான். காணிக் கதைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்தச் சந்தேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று என் இடத்தில் முப்பத்து நாலு வருடம் இருந்து பார்த்தால் விளங்கும்.

ஓம், கையைப் பிடித்தது நான்தான். 1996 ஓகஸ்ட் மாதம். நான் திரியாயிலிருந்து ஓடிவந்து அகதி முகாமில் இருந்து, இந்த வேலை கிடைத்து ஆறு வருடம். அப்போது இங்கே நாற்பத்திரண்டு பெண்கள். பார்க்க நாங்கள் மூன்று பேர். ஒரு கிணறு. ஊரடங்கு போட்டால் மாற்றுக்கு ஆள் வராது, சவர்க்காரம் வராது. சில பெண்களுக்கு மாதவிடாய் வந்தால் என்ன நடக்கிறது என்றே தெரியாது. பயந்து கத்துவார்கள், சுவரில் பூசுவார்கள். துணி கட்டினால் கழற்றி எறிவார்கள். அன்றைக்கு இருந்த பெரிய வார்டன், இப்போது உயிரோடு இல்லை, "இதுக்கு ஒரே வழி ஒப்பரேஷன்தான். எல்லா இடத்திலும் செய்யிறாங்கள். அதுகளுக்கு என்ன, பிள்ளையா குட்டியா" என்றா. இன்னொரு பயமும் அவவுக்கு இருந்தது. சுற்றிவர இராணுவத்தின் சென்றி, சுற்றிவர ஆண்கள். யாராவது உள்ளே வந்தால் பிறகு இல்லத்துக்குக் கெட்ட பெயர் என்று சொன்னா. யாராவது உள்ளே வந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதை அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருடம் மட்டும் ஐந்து பேர். அசனாவும் அன்னலட்சுமியும் ஒரே கிழமை. அதற்குப் பிறகுதான் அவர்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தியின் வயிற்றை மற்றவள் தடவிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

இப்போது காலம் வேறு. கட்டிலில் கட்டுவது இல்லை, மொட்டை அடிப்பது இல்லை, ஆளுக்கு ஒரு அலுமாரித் தட்டு இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஊசி போடுவதென்றாலும் விளங்கப்படுத்தித்தான் போடுகிறோம். அந்தக் காலத்து இல்லங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. கொஞ்சம் பார்க்கிறேன்தான்.

பதிவேடும் படிவமும் இருக்கின்றன. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் நடந்தது. ஆனால் அந்தப் படிவத்தை மட்டும் கேட்காதீங்க. உங்கட நன்மைக்குச் சொல்கிறேன்.

அன்னலட்சுமி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு பகல் என்றாலும் அசனாவைக் கொண்டுவந்து காட்டுங்க.

மலர்


கிண்ணியா
2024 மார்ச் 24

மலரக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் உங்கள் மேல் இரக்கம் வந்தது. மூன்றாம் தரம் வாசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கெட்டித்தனமான கடிதம். வார்டன் செத்துவிட்டா, அவ மேல் பழி. காலம் கெட்ட காலம், அதன் மேல் பழி. கடைசியில் "குடும்பத்தின் சம்மதம்" என்று ஒரு சொல். எங்கள் குடும்பத்தில் யார்? உம்மா 90இல் போய்விட்டா. மிச்சம் வாப்பா. ஆக அவர் தலையிலும் கட்டியாயிற்று. மையித்துகள் எழும்பிவந்து மறுத்துப் பேசாது என்ற துணிவு.

எங்கள் வாப்பா முத்தலிப்பை உங்களுக்குத் தெரியாது. அசனாவை உங்களிடம் விட்டது அவள் பாரம் என்று இல்லை. அவர் கடலுக்குப் போனால் நான் பள்ளிக்கூடம். அவள் தன்பாட்டில் சென்றிக்குள் நடந்து போய்விடுவாள். ஒருநாள் துவக்கை நீட்டி "நில்" என்றிருக்கிறார்கள், இவள் சிரித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிப்போய்க் காலில் விழுந்து மீட்டு வந்தா. அன்று இரவு முழுக்க வாப்பா தூங்கவில்லை. அடுத்த மாதம் உங்களிடம் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட மனுசன் பிள்ளையின் வயிற்றை அறுக்கச் சொல்லி விரல் வைப்பாரா?

அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நிவாரண அட்டையிலிருந்து வள்ளத்துப் பெர்மிட் வரை அவருடைய ஒவ்வொரு கடுதாசியும் என் கையால்தான் போனது. எனக்குத் தெரியாமல் அவர் எந்தத் தாளிலும் விரல் வைத்ததில்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

நீங்கள் "உங்கட நன்மைக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர் நன்மைக்கு என்று சொல்லிச் செய்த வேலைதானே என் ராத்தாவின் வயிற்றில் கிடக்கிறது. அப்படி ஒரு படிவமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். அல்லது விரல் அடையாளம் வேறு யாருடையதோ.

முறைப்பாட்டில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறேன். ஒன்று உங்கள் வார்டன். மற்றது நீங்கள். படிவத்தின் பிரதி வந்தாலும் கொடுப்பேன், வராவிட்டாலும் கொடுப்பேன். வந்தால் இணைப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்னலட்சுமியைக் காட்டி என்னைக் கரைக்கப் பார்க்காதீர்கள். அசனா இங்கேயும் "அன்னம், அன்னம்" என்று இரவில் பக்கத்துப் பாயைத் தட்டிப் பார்க்கிறாள். அது எனக்குத் தெரியாதா? இரண்டு பேரையும் ஒரே கத்தியின் கீழே கிடத்திவிட்டு இப்போது பாசம் பேசுகிறீர்கள்.

ஹுஸ்னியா


திருகோணமலை
28.03.2024

தங்கச்சி,

பிரதி இத்துடன் இருக்கிறது. நேரில் கொண்டுவந்து தரத்தான் நினைத்தேன். கிண்ணியா பஸ்ஸில் ஏறி இருந்துவிட்டு, பஸ் வெளிக்கிட முதல் இறங்கிவிட்டேன்.

இதை வெளியே கொடுத்ததற்கு எனக்கு விசாரணை வரும். ஓய்வுக்கு இன்னும் எட்டு மாதம். உங்களுக்காகத்தான் இவ்வளவு நாளும் மறைத்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். முதலில் என்னைத்தான் காப்பாற்றினேன்.

படிவம் சிங்களத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் வந்தது. வார்டனுக்கு மட்டும்தான் சிங்களம் வாசிக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆனால் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியும். எங்கே வைக்க வேண்டும் என்று விரலால் காட்டினது நான். "மாத வருத்தத்துக்கு ஒரு சின்ன வைத்தியம், பயப்பட ஒண்டுமில்ல" என்று உங்கட வாப்பாவுக்குச் சொன்னதும் நான். அந்த வார்த்தையை வார்டன் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் வாயில் தானாக வந்தது.

அன்னலட்சுமிக்கு ஒருவரும் இல்லை. அவவின் படிவத்தில் உறவினர் என்ற இடத்தில் வார்டன், சாட்சி என்ற இடத்தில் நான். அதன் பிரதியும் என்னிடம் இருக்கிறது. அவவுக்காகக் கேட்க ஆள் வராது. நீங்கள் கேட்கிற கேள்வியோடு அவவுடையதையும் சேர்த்துக் கேளுங்க.

அசனாவின் படிவத்தில் உங்கட வாப்பாவின் பெருவிரலுக்குக் கீழே பாருங்க. விரல் அடையாளத்துக்கு ஒரு சாட்சி வேணும் என்று வார்டன் சொன்னா. அறையில் இருந்தவர்களில் குடும்பத்தவர் இன்னும் ஒருவர்தான்.

மலர்


கிண்ணியா
2024 ஏப்ரல் 2

மலரக்கா,

அது என் கையெழுத்து.

கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி போட்டு, சுழிக்குள் இரண்டு புள்ளி. பதினெட்டு வயதில் கொப்பியின் பின்பக்கம் முழுக்கப் போட்டுப் பழகின கையெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிவிட்டேன். வேறு யாராலும் போடமுடியாது. போலி என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிசம் யோசித்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

முதலில் நினைவே வரவில்லை. அன்றைய நாட்களில் எத்தனை சிங்களத் தாளில் கையெழுத்து வைத்திருப்பேன் என்று கணக்கில்லை. பாஸ், பதிவு, அட்டை, எல்லாமே வாசிக்கத் தெரியாத தாள். "எங்க வைக்கணும்?" என்று மட்டும்தான் கேட்போம். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டால் வரிசையில் பின்னால் நிற்பவர்களே ஏசுவார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் பழக்கம். அந்தப் பழக்கத்திலேயே என் ராத்தாவின் தாளிலும் வைத்திருக்கிறேன்.

நேற்று லுஹர் தொழுதுவிட்டு இருந்தபோது எல்லாம் வந்துவிட்டது. நான் வெள்ளைச் சீருடையில் இருந்தேன். அப்போது பாலம் இல்லை, பாதைப் படகில் ஏறித்தான் கடலைக் கடக்க வேண்டும், கடைசிப் பாதை ஆறு மணிக்கு. மறுநாள் எனக்குச் சோதனை. வாப்பா விரலில் மையைப் பூசிக்கொண்டு, வைக்காமல் நின்றார். என்னைப் பார்த்து, "இதுல என்ன போட்டிருக்கு மகள்?" என்று கேட்டார். நான் தாளைப் பார்த்தேன். வாசிக்கிற மாதிரி கண்ணை மேலும் கீழும் ஓட்டினேன், மலரக்கா. ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "வருத்தத்துக்கு மருந்து குடுக்கிறதுக்குத்தான் வாப்பா, வையுங்க, பாதை போயிரும்" என்றேன். அவர் வைத்தார். உங்கள் சொல்லை நம்பி வைக்கவில்லை. நான் வாசித்தேன் என்று நம்பி வைத்தார்.

இருபத்தேழு வருடம் அந்த மனுசன் அதைத் தெரியாமலே இருந்து மௌத்தானார். அல்லது தெரிந்துதான், எனக்குச் சொல்லாமல் இருந்தாரா? பாதி வீட்டை அவள் பெயருக்கு எழுதின அன்று "நீ ஒண்டும் நினைக்காத மகள்" என்றார். நான் வீட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று இருந்துவிட்டேன். இந்தச் சந்தேகத்தை இனி யாரிடம் கேட்டுத் தீர்ப்பது? உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இந்த ஒரு மாதம் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

உங்களை மன்னிக்கவில்லை. உங்கள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அன்னலட்சுமியின் பிரதியை இந்தக் கிழமையே அனுப்புங்கள். மற்ற மூன்று பேரின் பெயரையும் எழுதுங்கள், அவர்கள் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அன்னலட்சுமியை ஒரு மாத லீவில் இங்கே அனுப்ப என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். அதற்குரிய படிவம் தமிழில் இருந்தால்தான் தொடுவேன்.

முறைப்பாட்டைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது பெயர் மூன்று. வார்டன், யோகமலர், முத்தலிப் ஹுஸ்னியா. நாளை காலையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கொடுக்குமுன் அசனாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளைப் பற்றிய ஒரு தாளை அவளுக்கு யாரும் இதுவரை வாசித்துக் காட்டியதில்லை. அவளைக் கதிரையில் இருத்தி, மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கர்ப்பப்பை என்ற இடத்தில் அவள் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். என் பெயர் வந்த இடத்தில் "இது நான்தான் ராத்தா, நான் செய்தது" என்றேன். எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு தாளை விரலால் தட்டித் தட்டி, "வலிச்ச. அசனாக்கு வலிச்ச. எழுது" என்றாள்.

ஐந்து பக்கம் எழுதியிருந்தேன். அது ஓரிடத்திலும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கவே எழுதினேன்.

ஹுஸ்னியா